ஜீன் கணக்குகளும் கணிப்பொறியும்

கொல்கத்தாவுக்கு அருகே, ஹௌரா மாவட்டத்துச் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தையடுத்து ஓர் ஏரி உள்ளது. குளிர்காலத்தில் அங்குச் சீழ்க்கைச் சிறகிகள் பெருங்கூட்டமாக வந்து தங்குகின்றன. அவற்றினிடையே, இமயத்திற்கு அப்பாலிருந்து வரும் ஊசிவால் வாத்து முதலியனவும் காணப்படும். அவற்றை எண்ணுவோர், இனத்திற்கு ஒரு வரிசையும் நாளுக்கு ஒரு பத்தியுமாக அட்டவணை வரைவதாகக் கொள்ளலாம். பத்து இனங்களாயின், எவை ஒருங்கே பெருகி ஒருங்கே குறைகின்றன என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். இனங்கள் 20,000 ஆயின்?

ஜீன்களை ஆராய்வோரின் நிலை இதுவே. புரதங்களை ஆக்குதற்குரிய ஜீன்கள் மனிதனுக்கு ஏறக்குறைய 20,000 உள்ளன. கல்லீரலில் மும்முரமாய் வேலை செய்யும் ஜீன் தோலில் அடங்கிக் கிடக்கலாம். வேலை செய்யும் ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. படிகள் உண்டாகின்றன, அப்படிகளின் அளவே ஜீனின் ஊக்கத்தைக் காட்டும். 1995-இல் வெளியான முன்னோடி ஆராய்ச்சியில், கடுகினத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் 45 ஜீன்களே கண்ணாடித் தகட்டில் ஒருங்கே அளக்கப்பட்டன. இன்று எல்லா ஜீன்களும் ஒரே சோதனையில் அளக்கப்படுகின்றன.

1998-இல் மைக்கேல் ஐசன் முதலியோர் இதற்கொரு வழி கண்டனர். அவர்களுடைய ‘கிளஸ்டர்’ என்னும் மென்பொருள், ஒத்த போக்குடைய ஜீன்களை அடுத்தடுத்த வரிசைகளில் அமைத்தது. ‘ட்ரீவியூ’ மிகுதியைச் சிவப்பாகவும் குறைவைப் பச்சையாகவும் தீட்டிக் காட்டியது. ஈஸ்ட்டின் கணக்குகளை இவ்வாறு அடுக்கியபோது, ரைபோசோமின் உறுப்புகளை ஆக்கும் ஜீன்கள் ஒரே திரளாக நின்றன. பல அளவைகளை ஒருசேரக் கொண்டு இடைத்தூரம் கணிக்கும் கருத்து கொல்கத்தாவுக்குப் புதிதன்று. மஹலநோபிஸ் தமது ‘தூரம்’ என்னும் அளவையை 1936-இலேயே வெளியிட்டார்.

எனினும் படத்தின் அழகு ஏமாற்றவும் கூடும். பொருளற்ற எண்களை இட்டாலும் ‘கிளஸ்டர்’ திரள்களை வகுத்தே தரும்! மேலும், மூடுபனி நாளில் ஏரியில் எல்லாப் பறவைகளும் குறைவாகவே எண்ணப்படும். அதனால் பறவைகள் குறைந்துவிட்டன என்பதில்லை. அதுபோல, ஒரு மாதிரியில் மொத்தப் படிகள் குறைவாக எண்ணப்பட்டிருப்பின், ஒப்பிடுமுன் அதைச் சரிக்கட்ட வேண்டும்.

இதனினும் பெரிய இடர் தற்செயலால் நேர்வது. புற்றுநோய்க் கட்டியையும் அதனையடுத்த நல்ல திசுவையும் ஒப்பிடுங்கால், தற்செயல் வேறுபாட்டை மெய்யெனக் கொள்ளும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று அனுமதித்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் 20,000 ஜீன்களில் சுமார் 1,000 ஜீன்கள் மாறியனவாகத் தோன்றும். அவற்றைப் பின்தொடரும் ஆராய்ச்சி வீணே. 1995-இல் பெஞ்சமினி, ஹோக்பெர்க் ஆகியோர் வகுத்த முறை இத்தகைய போலிகளின் விகிதத்தை மட்டுப்படுத்துகிறது. 2014-இல் விவரம் வெளியான ‘டெசெக்-2’ என்னும் இலவச மென்பொருள் இத்திருத்தத்தைத் தானே செய்து, திருத்திய மதிப்பைத் தனிப் பத்தியில் தருகிறது. அட்டவணையைப் படிப்போர் முதலில் நோக்க வேண்டியது அப்பத்தியையே.