தீவனச் சோளத்தை விதைக்கு விற்கலாமா?

மக்காச்சோளம் நம் தெள்ளார் வணிகர்களுக்குப் புதிய சரக்கல்ல. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக விற்கிறோம். விதைப்புக் காலத்தில், "இந்த மூட்டையிலேயே நாலு படி கொடுங்க, விதைச்சுக்கிறேன்" என்று கேட்டு வருபவர்களும் உண்டு. கொடுக்கலாமா? கூடாது. காரணத்தைப் பார்ப்போம்.

மக்காச்சோளத்தின் பெரும் பகை அடிச்சாம்பல் நோய். இளம் இலைகளில் வெளிறிய கோடுகள் விழும். விடியற்காலையில் இலையின் அடியில் வெண்மையான பூச்சு தெரியும். செடி குட்டையாகும், கதிர் பிடிக்காது. பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும், இக்கிருமி பாசி இனத்துக்கு நெருங்கிய உறவு. அதனால் எல்லாப் பூஞ்சைக்கொல்லியும் இதற்குப் பலிக்காது. இரவில் காற்றில் பரவும்; மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். சோளப் பயிரிலிருந்தும் மக்காச்சோளத்துக்குத் தாவும்.

ஆகவே நோய் தாங்கும் விதையே முதல் காப்பு. அதை உருவாக்க, எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தை முதலில் வரிசையாக விதைத்து, வேண்டுமென்றே நோயைப் பரப்புவார்கள். நடுவே பல வகைகளை வளர்த்து, தப்பியவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அவற்றைப் பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து, பிறகு இரண்டு வழிகளை ஒட்டினால் வீரிய ஒட்டு விதை கிடைக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் யு.எம்.ஐ. 936 என்ற வகையின் எதிர்ப்புத் தன்மையை, நோய்க்கு ஆளாகும் யு.எம்.ஐ. 79 வகைக்கு மரபணு அடையாளங்களின் துணையால் ஏற்றியிருக்கிறார்கள்.

மூட்டையில் உள்ள தானியம் அந்த ஒட்டுப் பயிரின் பிள்ளை. விதைத்தால் குணம் சிதறும். சில செடி தாங்கும், சில தாங்காது. விளைச்சலும் குறையும். விதைக்கு ஏற்றும் மருந்துக் காப்பும் அதில் கிடையாது.

எதிர்ப்புச் சக்தியும் நிலையானதன்று. கம்பில் எச்.பி.3 என்ற ஒட்டு ரகம் பெரும் பரப்பில் பயிரானது. 1971-ல் அடிச்சாம்பல் நோய் அதை வாரிச் சுருட்டியது. மாற்று ரகங்களைத் தேடும் வேலை இன்றும் ஓயவில்லை. 2005-ல் வெளியான எச்.எச்.பி. 67 மேம்பட்ட கம்பு அத்தகையதே.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. தானியத்தை விதை என்று விற்காதீர்கள். 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விதை விற்க உரிமம் வேண்டும். சாயமும் மருந்தும் ஏறிய விதை மீந்தால் அதைத் தீவனத்தில் கலக்காதீர்கள். நாலு படி விற்ற லாபம் அன்றோடு தீரும். பயிர் பொய்த்தால் அந்தக் குடியானவர் நம் கடையில் வைத்த கணக்கும் நம்பிக்கையும் சேர்ந்தே போகும்.