தனி மருத்துவ நிலையம் தொடங்குமுன் போட வேண்டிய கணக்கு

மருத்துவப் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர், உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் கல்வி பயின்றவராவார். நோயின் குறிகளை அறியவும், அதற்குரிய மருந்தைத் தேரவும் அவர் நன்கு பழகியிருக்கிறார். ஆனால், ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, இரு பணியாளரை அமர்த்தி, வங்கியில் கடன் பெற்றுத் தாமே ஒரு மருத்துவ நிலையத்தை நடத்துவதெனில் அதற்கு எவ்வளவு பொருள் வேண்டும், எத்தனை மாதம் நட்டத்தைத் தாங்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்பிப்பார் பெரும்பாலும் இலர். இக்குறையின் விளைவு அவரோடு நின்றுவிடுவதில்லை. வட்டத் தலைநகர் ஒன்றில் தொடங்கிய மருத்துவ நிலையம் இரண்டாம் ஆண்டில் மூடப்படுமாயின், அதனை நம்பிச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த முதியோர் மீண்டும் பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்குச் செல்ல நேரிடுகிறது. சிலர் செல்லாமலே இருந்துவிடுகின்றனர். களப்பணியாளர்கள் இதனை நேரில் அறிவார்கள்.

‘வணிகத் திட்டம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மருத்துவர்கள் பலர் முகம் சுளிப்பதுண்டு. மருத்துவம் வணிகமன்று என்பது அவர்கள் கூற்று. அக்கூற்றை நாமும் மறுக்கவில்லை. எனினும், கணக்குப் பாராமல் தொடங்கப்பட்ட நிலையமே பின்னர்க் கடன் சுமையால் வணிக வழிகளை நாடும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. அது எவ்வாறு என்பதைக் கீழே காண்போம்.

முதற்கண் செய்யத்தக்கது இடத்தைப் பற்றிய ஆய்வு. ஊரின் மக்கள்தொகையை மட்டும் பார்த்தல் போதாது. சந்தை கூடும் நாள் எது, எந்தெந்தச் சிற்றூர்களின் பேருந்துகள் அங்கு வந்து நிற்கின்றன, ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளர் பிரிவு எத்தனை மணிக்கு மூடப்படுகிறது, மாலையில் நோயாளிகள் எங்குச் செல்கின்றனர், இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை உண்டா என்பனவற்றை விசாரித்தறிய வேண்டும். சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்துள்ள அளவு. அந்நிலையம் நன்கு இயங்கும் ஊரில் தனி மருத்துவர் அதே பணியை அதே நேரத்தில் செய்வதாகத் திட்டமிடுவது பயன் தராது; மாலை நேரப் பணியோ, குழந்தை மருத்துவம் போன்ற தனிப் பிரிவோ பொருத்தமாகலாம். இவ்விவரங்களை எந்த அறிக்கையிலிருந்தும் பெறுவதைவிடக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஊர் ஆசிரியரிடமும் அரைமணி நேரம் பேசிப் பெறுவது எளிது.

சமன்நிலைக் கணக்கு

ஆங்கிலத்தில் ‘பிரேக் ஈவன்’ எனப்படும் அளவைச் ‘சமன்நிலை’ என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. கைநட்டம் நீங்கும் எல்லை என்று கூறினால் பொருள் இன்னும் தெளிவாகும். நோயாளர் வந்தாலும் வாராவிடினும் செலவாகும் தொகை ஒருபுறம். ஒவ்வொரு நோயாளரிடமிருந்தும், அவருக்கென ஆகும் செலவு போக எஞ்சும் தொகை மறுபுறம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், மாதத்தில் எத்தனை நோயாளர் வந்தால் நட்டம் நீங்கும் என்பது விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இதிலுள்ள எண்கள் கணக்கை விளக்கும் பொருட்டு எடுத்துக்கொண்டவையே. ஊருக்கு ஊர் இவை வேறுபடும். மாத வாடகை ரூ. 15,000, செவிலியர் ஒருவருக்கும் உதவியாளர் ஒருவருக்கும் ஊதியம் ரூ. 28,000, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி ரூ. 5,000, துப்புரவு, கழிவகற்றல், அச்சுச் செலவு ரூ. 3,000, பதிவுக் கட்டணம், தொழில் காப்பீடு ஆகியவற்றின் மாதப் பங்கு ரூ. 1,600. வங்கியில் ரூ. 8,00,000 கடன், 11 விழுக்காடு வட்டி, 60 மாதத் தவணை எனின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 17,400 ஆகும். ஆக, நிலையான செலவு ரூ. 70,000.

கட்டணம் ரூ. 200 என்றும், ஒரு நோயாளருக்குக் கையுறை, ஊசி, பஞ்சு முதலியவற்றுக்கு ரூ. 20 ஆகிறதென்றும் வைத்துக்கொள்வோம். பத்துப் பேரில் ஒருவரிடம் கட்டணம் பெறுவதில்லை. அவர் ஏழையாகவோ, இரண்டு நாளுக்குள் மறுமுறை வந்தவராகவோ இருக்கலாம். பத்துப் பேரிடமிருந்து கிடைப்பது ரூ. 1,800, அவர்களுக்கான செலவு ரூ. 200, எனவே தலைக்கு எஞ்சுவது ரூ. 160. 70,000-த்தை 160-ஆல் வகுக்க 438 வருகிறது. மாதம் 25 நாள் பணி எனின், நாளொன்றுக்கு 18 பேர்.

இக்கணக்கில் மருத்துவரின் குடும்பம் எங்கும் காணப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். தாம் உண்பதற்கும் உடுப்பதற்கும் பொருள் வேண்டும் என்பதையே விட்டுவிட்டுப் போடப்பட்ட திட்டங்கள் ஏராளம். வீட்டுச் செலவு ரூ. 40,000-த்தையும் சேர்த்தால் மாதத் தேவை ரூ. 1,10,000. இப்போது நாளொன்றுக்கு 28 பேர் வர வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கட்டணமின்றிப் பார்க்கப்படுவோர் பத்தில் மூவராக உயர்ந்தால் தலைக்கு எஞ்சுவது ரூ. 120 ஆகக் குறையும். தேவை நாளொன்றுக்கு 37 பேராக ஏறும். இதனைக் கூறுவது, ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டாம் என்பதற்காக அன்று. எத்துணைப் பேருக்கு இலவசமாகப் பார்க்க இயலும் என்பதை முன்னரே அறிந்த மருத்துவர் அதனை இடைவிடாது செய்ய முடியும். அறியாதவர் ஆறு மாதம் தாராளமாகச் செய்துவிட்டு ஏழாம் மாதம் கதவருகே பலகை தொங்கவிட நேரும்.

மாதவாரிப் பணப்பட்டி

சமன்நிலைக் கணக்கு, எல்லை எங்கே என்பதை மட்டுமே கூறும். அங்குச் சென்று சேரும்வரை கையிலுள்ள பணம் போதுமா என்பதை அது கூறாது. அதற்கு மாதவாரிப் பணப்பட்டி என்ற மற்றொரு கருவி தேவை. பள்ளி ஆசிரியர்கள் எட்டாம் வகுப்பு மாணவருக்குக்கூட இதனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

முதல் மாதம் நாளொன்றுக்கு 5 பேர் வருகின்றனர் என்க. பிறகு மாதத்துக்கு மாதம் நாளொன்றுக்கு இருவர் கூடுகின்றனர். புதிய மருத்துவரின் பெயர் வாய்வழியாகப் பரவும் வேகத்துக்கு இதைக் குறைவென்று சொல்ல இயலாது. முதல் மாதம் 125 பேர். எஞ்சும் தொகை ரூ. 20,000, தேவையோ ரூ. 1,10,000, பற்றாக்குறை ரூ. 90,000. இரண்டாம் மாதப் பற்றாக்குறை ரூ. 82,000, மூன்றாம் மாதம் ரூ. 74,000. இவ்வாறே மாதம் ரூ. 8,000 வீதம் குறைந்து, பன்னிரண்டாம் மாதத்தில் பற்றாக்குறை ரூ. 2,000 ஆகிறது. அப்போது நாளொன்றுக்கு 27 பேர் வருகின்றனர். பன்னிரு மாதப் பற்றாக்குறைகளையும் கூட்டினால் வருவது ரூ. 5,52,000.

இத்தொகை, கட்டில், மேசை, கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவிட்டது போகத் தனியே கையிருப்பாக இருக்க வேண்டியது. கடன் பெற்ற எட்டு இலட்சத்தையும் முன்கூடத்தின் பளிங்குத் தரைக்கும் குளிர்சாதனத்துக்கும் செலவிட்டவரிடம் இது இராது. மேலும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பன்னிரண்டாம் மாத இறுதியில்தான் அவருடைய கூட்டுப் பற்றாக்குறை உச்சத்தில் நிற்கிறது. காத்திருப்போர் இருக்கைகள் நிரம்பியிருப்பதைக் காணும் ஊரார், “டாக்டருக்கு நல்ல வருமானம்” என்று பேசிக்கொள்ளும் நாளும் அதுவே. அதன்பின் நோயாளர் எண்ணிக்கை நாளொன்றுக்கு 30 என்ற அளவில் நின்றுவிடின் மாத மிச்சம் ரூ. 10,000; முதலாண்டின் பற்றாக்குறையை ஈடுசெய்ய நான்கரை ஆண்டுகளுக்கு மேலாகும். நன்றாக நடக்கும் நிலையங்கள் சில திடீரென மூடப்படுவதன் காரணம் இதனால் ஒருவாறு விளங்கும்.

பற்றாக்குறையைக் குறைக்க வழிகள் உள. வங்கியிடம் முதல் ஆறு மாதத்துக்குத் தவணை விலக்கு கேட்கலாம். அதனால் அக்காலத்தில் ரூ. 1,04,400 கையில் நிற்கும், ஆயினும் அக்கால வட்டி கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். மற்றொரு மருத்துவருடன் ஒரே கட்டடத்தைக் காலை, மாலை எனப் பகிர்ந்துகொள்வது இதனினும் சிறந்தது. இரண்டாம் நிலை நகரங்கள் முதல் சிற்றூர்கள் வரையிலான இடங்களில் மருத்துவ வசதி அமைக்கத் தரப்படும் கடனை, உச்சவரம்புக்கு உட்பட்டு, ரிசர்வ் வங்கி முன்னுரிமைத் துறைக் கடனாகக் கருதுகிறது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணையமின்றிக் கடன் பெறலாம். வங்கி மேலாளர் கேட்கும் திட்ட அறிக்கையின் உயிர்நாடி மேற்கூறிய பணப்பட்டியே. மற்றப் பக்கங்கள் பெரும்பாலும் அலங்காரம்.

கருவி கட்டளையிடும் நிலை

கணக்கு, மருத்துவத்தையே மாற்றிவிடும் இடம் இதுதான். ரூ. 9,00,000 விலையுள்ள எக்ஸ்-ரே கருவியை அதே வட்டிக்கு வாங்கினால் மாதத் தவணை ரூ. 19,600. அதை இயக்குபவருக்கு ஊதியம் ரூ. 15,000. ஒரு படத்துக்குச் செலவு போக ரூ. 250 எஞ்சுமாயின், மாதம் 139 படங்கள் எடுத்தால்தான் நட்டம் நீங்கும். நாளொன்றுக்கு 28 நோயாளர் வரும் நிலையத்தில் அது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குப் படம் எடுப்பதாகும். பொது மருத்துவரிடம் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வருவோரில் ஐவரில் ஒருவருக்கு எக்ஸ்-ரே உண்மையிலேயே தேவையா? தேவையில்லை எனின், படம் எடுக்குமாறு கூறுவது மருத்துவ அறிவா, வங்கித் தவணையா? தரகுத் தொகை பெற்றுக்கொண்டு நோயாளரைப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பும் வழக்கமும் பல இடங்களில் இவ்வாறான நெருக்கடியிலேயே வேர் கொள்கிறது. மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு விதிகள் இவ்வழக்கத்தைத் தடை செய்துள்ளன. விதி இருக்கிறது, தவணையும் இருக்கிறது. நேர்மையானவரை இவ்விரண்டுக்கும் இடையே நிறுத்தாதிருக்கவே கருவி வாங்குமுன் இவ்வகுத்தல் கணக்கைப் போட வேண்டும் என்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு கூடம் இருக்குமாயின் வாங்காமல் இருப்பதே நலம்.

வாங்குவதெனின், அதற்குரிய சட்டங்கள் வேறு. எக்ஸ்-ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை. மகப்பேற்றுக்கு முந்திய சோதனைகளை நெறிப்படுத்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அல்ட்ராசவுண்டு கருவியுள்ள இடத்தைப் பதிவு செய்து, கருவின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்னும் பலகையை வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் உரிய படிவம் நிரப்ப வேண்டும். சரக்கு சேவை வரியில் மற்றொரு நுட்பம்: மருத்துவச் சேவைக்கு அவ்வரி இல்லை, ஆதலால் கருவி வாங்கும்போது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளவும் இயலாது. விலைப்பட்டியலைப் பார்ப்பவர் வரியையும் சேர்த்தே முதலீட்டில் எழுத வேண்டும்.

நிலையத்தைப் பதிவு செய்யும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2010ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் மாவட்டப் பதிவு அதிகார அமைப்பிடம் விண்ணப்பித்தால் 10 நாளில் தற்காலிகப் பதிவு அளிக்கப்பட வேண்டும். அது ஓராண்டு செல்லும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், கர்நாடகத்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டமும், கேரளத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தபின் தொழில் காப்பீடு தவிர்க்கவியலாத செலவாயிற்று.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. நோயாளரை அழைக்கும் விளம்பரங்களை 2002ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பதில்லை. தொழில் தொடங்கியதையும், முகவரி மாறியதையும் செய்தித்தாளில் முறையாக அறிவிக்கலாம். கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அவ்விதியே. ஆகவே, திட்டத்தில் ‘விளம்பரம்’ என்று பெருந்தொகை காட்டுபவர் விதியைப் படிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

இறுதியாகக் கழிவு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் சிறு நிலையத்துக்கும் தேவை. படுக்கை வசதி இல்லாதவற்றுக்கு அது ஒருமுறை பெற்றால் போதும். கழிவுகளை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பிரித்து வைத்தல் வேண்டும். 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்குமாயின் தாமே கழிவை அழிக்கும் அமைப்பை வைத்துக்கொள்ளுதல் கூடாது. அந்நிலையத்தின் வண்டியிடமே ஒப்படைக்க வேண்டும். வண்டி அந்தத் தெருவுக்கு வருமா, வாரத்தில் எத்தனை நாள் வரும் என்று கேட்டறியாமல் வாடகை ஒப்பந்தம் எழுதுவோர் உண்டு. முன்பணம் கொடுத்தபின் இவ்விசாரணையில் இறங்குவதால் பயனில்லை. இடத்தைப் பார்த்து, வண்டியின் வருகையைக் கேட்டு, பதிவு அலுவலகத்தில் கட்டட நிபந்தனைகளை அறிந்து, வங்கியின் எழுத்து மூலமான ஒப்புதலையும் பெற்றபின், கடைசியாகக் கையெழுத்திட வேண்டிய தாள் வாடகை ஒப்பந்தம்.