பெயர் தவறிய ஈஸ்ட்

ரத்த கல்ச்சர் என்னும் பரிசோதனையைச் சென்ற வாரம் விவரித்தபோது, பாக்டீரியாக்களின் விஷயத்தில் அதன்மேல் வைக்கும் நம்பிக்கையை ஈஸ்ட் விஷயத்தில் அப்படியே வைக்க இயலாது என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். கேண்டிடா என்னும் ஈஸ்ட் உடலின் ஆழ்ந்த உறுப்புகளைப் பற்றிக்கொண்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் ரத்த கல்ச்சர் அதைக் காட்டிக் கொடுக்கிறது. அப்படிக் காட்டும்போதும், புட்டியில் விட்ட ரத்தத்தில் ஈஸ்ட் பெருகி, அது வெளிவிடும் கரியமில வாயுவை யந்திரம் உணர்ந்து அறிவிப்பதற்குள் இரண்டு மூன்று தினங்கள் கழிந்துவிடுவது சகஜம். பூஞ்சையின் செல்சுவரிலிருந்து உதிரும் பீட்டா-டி-குளுக்கான் என்னும் பொருளை ரத்தத்தில் அளந்து பார்க்கும் சோதனை இவ்விடத்தில் துணைக்கு வருகிறதாயினும், பூஞ்சை இருக்கலாம் என்று அது சொல்லுமேயன்றி இன்ன பூஞ்சை என்று சொல்லாது.

இன்ன பூஞ்சை என்பதில் பிழை நேர்ந்தால் விளையும் அபாயத்தைத் தில்லி மாநகரின் அனுபவத்தைப் போலத் தெளிவாக உணர்த்தும் உதாரணம் வேறொன்றை நான் அறியேன். டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த ஈஸ்டை, கேண்டிடா ஆரிஸ் என்னும் புதிய இனமாக ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009-இல் வெளியிட்டார்கள். அதே 2009-க்கும் 2011-க்கும் இடையில் தில்லியின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 12 நோயாளிகளிடம் கிடைத்த ஈஸ்டுக்கு, சர்க்கரை முதலிய சத்துக்களை அது எவ்விதம் உட்கொள்கிறது என்பதை வைத்து இனம் பிரிக்கும் விடெக் யந்திரம், கேண்டிடா ஹெமுலோனீ என்று பெயர் சூட்டிற்று. யந்திரத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. தன் ஏட்டில் பதிவு பெறாத இனத்தை, பதிவு பெற்றவற்றுள் நெருங்கிய சாயலுள்ள ஒன்றாகக் காட்டுவதற்கு மேல் அதனால் என்ன செய்ய முடியும்? தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வல்லபபாய் படேல் மார்புநோய் நிலையத்தில் டாக்டர் அனுராதா சௌத்ரியும் அவருடைய சகாக்களும் அந்த ஈஸ்டுகளின் மரபணு வரிசையைப் படித்து, அவை ஆரிஸ் இனமே என்றும், ஃப்ளூகோனசோல் என்னும் வழக்கமான மருந்துக்கு அவை கட்டுப்படவில்லை என்றும் 2013-இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

பின்னர் 2015-இல் வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சி இதைவிடக் கவலை தருவது. விடெக் யந்திரம் வேறு பெயரிட்டிருந்த 102 ஈஸ்டுகளை மீண்டும் சோதித்ததில், பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவானவை ஆரிஸாக இருந்தன. அதுமட்டுமன்று, மருந்துக்குக் கட்டுப்படுமா என்று அளந்தபோதும், ஆம்ஃபோடெரிசின் வேலை செய்யாது என்று யந்திரம் காட்டிய இடத்தில், மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து குழிகளில் ஈஸ்டை வளர்த்துப் பார்க்கும் பழைய முறை அது வேலை செய்யும் என்றது. பிராணாபாயத்தில் கிடக்கும் ஒருவருக்குப் பயன்படக்கூடிய மருந்தொன்று ஒரு பிழையான எண்ணால் விலக்கப்படுமானால், அதைச் சிறு தவறென்று யார் சொல்லத் துணிவர்?

கோவிட் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, தில்லியின் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 15 கோவிட் நோயாளிகளின் ரத்தத்தில் கேண்டிடா புகுந்தது. அவர்களில் 10 பேரிடம் இருந்தது ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் 6 பேர் மாண்டனர். தோலிலும் கட்டிலின் கம்பியிலும் நெடுநாள் தங்கி நோயாளிக்கு நோயாளி பரவும் குணம் இந்த ஈஸ்டுக்கு உண்டு என்பதால், ஆய்வுகூடம் தரும் விடை அந்த நோயாளிக்கு மட்டும் உரியதன்று, அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரையும் காப்பது அது.

ஈஸ்டின் புரதங்களை லேசர் கதிரால் பிரித்து எடைபார்த்து நிமிஷங்களில் இனம் சொல்லும் மால்டி-டாஃப் யந்திரங்கள் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டன. எனினும் அவற்றின் ஏடும் புதுப்பிக்கப்பட்டிருந்தால்தான் விடை சரியாக இருக்கும். அத்தகைய வசதி எட்டாத ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு, ஹெமுலோனீ என்று விடை வந்த ஈஸ்டை 42 டிகிரி செல்ஸியஸ் உஷ்ணத்தில் வைத்துப் பார்ப்பது அதிகச் செலவில்லாத உபாயம். ஹெமுலோனீ அந்த உஷ்ணத்தில் வளராது, ஆரிஸ் வளரும். தட்டில் வளர்ச்சி தென்பட்ட மாத்திரத்தில் நோயாளியைத் தனி அறைக்கு மாற்றிவிட்டு, மாதிரியைப் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.