புற்றுநோயென மயங்கவைக்கும் நரம்புறைக் கட்டி

தோலிலோ நாவிலோ தோன்றும் கட்டியொன்று புற்றுநோயா அன்றா என்ற வினாவுக்கு நுணுக்குக்காட்டியே இறுதி விடை பகரும் என்பது பொது நம்பிக்கை. எனினும் அவ்விடையும் பிழைபடக்கூடிய சந்தர்ப்பங்கள் உள. சிறுமணிக் கலக்கட்டி எனும் அரிய வளர்ச்சி அதற்குத் தக்க சான்றாகும்.

1926ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுற விவரித்தவர் சோவியத் நோயியலறிஞர் அலெக்சி அபிரிகோசோவ். லெனினின் பிரேதப் பரிசோதனையை 1924இல் நடத்தியவரும் இவரே. நாவின் தசைநார்களிடையே இக்கலங்களைக் கண்ட அவர், இவை இளந்தசைக் கலங்களிலிருந்து தோன்றியவை எனக் கருதினார். கட்டியின் பழைய பெயரும் அக்கருத்தையொட்டியே அமைந்தது. 1960களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி ஆய்வுகளும், பின்னர் எஸ்-100 புரதத்தை இனங்காணும் சோதனைகளும் அக்கருத்தை மாற்றின. நரம்பு நார்களுக்கு உறையாக அமையும் சுவான் கலங்களே இதன் மூலம் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. கலத்தினுள் செறிந்து தோன்றும் சிறுமணிகள் இலைசோசோம்களாகும்.

இக்கட்டி பெரும்பாலும் வலியற்றது, உறுதியானது, மெதுவாக வளர்வது. கொடிய தன்மை பெறுபவை நூற்றுக்கு ஒன்றிரண்டே. மயக்கம் தோன்றுவது கட்டியை மூடியுள்ள மேலணியிலேயாகும். அது தடித்து, விரல்போன்ற நீட்சிகளை ஆழத்துக்குச் செலுத்துகின்றது. இத்தோற்றம் செதின்மேலணிப் புற்றுநோயைப் பெரிதும் ஒத்திருக்கும். மேற்பரப்பில் மெல்லிய துண்டொன்றை மாத்திரம் வெட்டியெடுத்தால், கீழேயுள்ள சிறுமணிக் கலங்கள் அதில் அகப்படா. புற்றுநோயென்றே முடிவு எழுதப்படலாம். சிறு சத்திரசிகிச்சையால் தீரவேண்டிய நோயாளி நாவின் பெரும்பகுதியையும் அதனோடு தெளிவான பேச்சையும் இழக்க நேரிடும். மார்பகத்தில் தோன்றும்போதும் அதன் கடினமும் ஒழுங்கற்ற விளிம்பும் ஊடுகதிர்ப் படத்திற் புற்றுநோயென்றே எண்ணவைக்கும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் ஆண்களிடையே மிகுந்து காணப்படும் இலங்கையில் இவ்விடயம் இரு வகையிற் கருதத்தக்கது. நாவிற் காணும் கட்டியைச் சாதாரணமானதென எவரும் தாமே முடிவுசெய்தலாகாது; அவ்வாறே, மேலோட்டமான துண்டொன்றை நம்பிப் புற்றுநோயென்று தீர்த்துவிடுதலும் ஆகாது. போதிய ஆழத்தில் இழையம் பெறப்படல் வேண்டும். கட்டியின் இடமும் தோற்றமும் நோயியலறிஞருக்கு அறிவிக்கப்படல் வேண்டும். ஐயமிருப்பின் பெருஞ் சத்திரசிகிச்சைக்கு முன்னர் மீண்டும் இழையம் எடுத்துச் சோதித்தல் வேண்டும். கட்டி இதுவே என உறுதியானால், அதனை விளிம்போடு முழுமையாக அகற்றுதலே பெரும்பாலும் போதுமான சிகிச்சையாகும்.