ஆணா, பெண்ணா? இடுப்பு எலும்பு சொல்லும்!

சிவகங்கை மாவட்டம் கொந்தகையில் 2020 முதல் நடந்த அகழாய்வில் முதுமக்கள் தாழிகளும் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. எந்த எலும்பிலும் பெயர் எழுதி இருக்காது. அப்படியென்றால் அது ஆணா, பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மண்டை ஓட்டைப் பார்த்து என்று நிறைய பேர் சொல்வீங்க. அதுவும் உதவும். ஆனால் முதலிடம் இடுப்புக்குத்தான். இடுப்பு மட்டும் முழுசாகக் கிடைத்தாலே சுமார் 95 சதவீதம் சரியாகச் சொல்லிவிடலாம் என்கின்றன தடயவியல் புத்தகங்கள்.

இடுப்பு என்பது அடிப்பாகம் இல்லாத கிண்ணம் மாதிரி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடுப்பெலும்பு, பின்னால் திருவெலும்பு, அதன் நுனியில் வால் எலும்பு. ஒவ்வொரு இடுப்பெலும்பும் சின்ன வயசில் இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்று மூன்று துண்டாக இருந்து பிறகு ஒட்டிக்கொள்கிறது. உடம்பின் பாரம் இதன் வழியாகத்தான் கால்களுக்குப் போகிறது. கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கும் நம்ம எஸ்டேட் அம்மாக்களின் பாரமும் இதில்தான்!

இப்போ ஒரு விரல் கணக்கு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரியுங்க. இரண்டு பியூபிஸும் முன்னால் சேருமிடத்துக்குக் கீழே ஆண்களுக்கு ஏறக்குறைய இந்தக் குறுகிய கோணம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்தால் வருவது பெண்களுக்கு. நடுவில் உள்ள வழி ஆணுக்கு இதய வடிவம். பெண்ணுக்கு அகலமாக, வட்டமாக இருக்கும். குழந்தையின் தலை அதன் வழியாக வரணுமே!

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் மிகக் குறைவு. பருவ வயதில்தான் மாற ஆரம்பிக்கிறது. இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். "பொண்ணு வளர்ந்துட்டா, இடுப்பும் அகலம், கல்யாணம் பண்ணலாம்" என்று லைன் வீடுகளில் பெரியவங்க பேசுவதைக் கேட்டிருப்பீங்க. அது தப்புக் கணக்கு. வெளியே தெரியும் அகலத்தை வைத்து உள்வழியின் அளவைச் சொல்ல முடியாது. உயரம் நின்ற பிறகும் அந்த வழி சில வருஷம் வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் குழந்தை என்றால் தலை சிக்கும் ஆபத்து அதிகம், தாய்க்கும் ஆபத்து. 18 வயசுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. சின்ன வயசில் சத்துக்குறைவால் எலும்பு வளைந்தாலும் இந்த வழி குறுகிப்போகும்.

இடுப்பில் கை வைத்தால் ஒரு விளிம்பு தட்டுப்படுகிறதா? அது இலியத்தின் மேல் ஓரம். 20 வயசை ஒட்டித்தான் அது முழுசாக ஒட்டும்.

- 11ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு