பட்டிப்பூவில் பிறந்த ஊசி மருந்து

பதுளையில் எத்தனையோ வீட்டு முற்றங்களில் நித்தியகல்யாணி மலர்ந்து நிற்கிறது. பட்டிப்பூ என்றும் அதனைச் சொல்வர். மயானங்களிலும் செழிப்பதால் சுடுகாட்டு மல்லி என்னும் அமங்கலப் பெயரும் அதற்கு உண்டு. சென்ற தவணையில் என் மாணவன் ஒருவன் அச்செடியின் இலைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அவன் தாயாருக்கு நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பதுளைப் பெரிய வைத்தியசாலையில் ஊசி ஏற்றுகின்றனர். போகும் நாளில் தோட்டத்தில் பேர் இல்லை. பஸ் செலவு வேறு.

“அந்த ஊசி மருந்து இந்தச் செடியிலிருந்துதானாமே, சேர்? அப்படியானால் இலையை அவித்துக் குடித்தால் போதாதா என்று அம்மா கேட்டுவரச் சொன்னாங்க.”

அவன் கேட்டதிற் பாதி உண்மை. மறு பாதிதான் உயிரைப் பறிக்கக் கூடியது.

வின்கிறிஸ்டீன் என்னும் அம்மருந்து இச்செடியிலிருந்தே பெறப்படுகிறது. 1952ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு ஜமேக்காத் தீவிலிருந்து ஓர் உறையில் சில இலைகள் வந்தன. அங்குள்ளோர் நீரிழிவுக்கு அவற்றை அவித்துக் குடித்து வந்தனர். அவர் அவ்விலைகளைத் தம் சகோதரரும் ஆராய்ச்சியாளருமான ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார். அவர் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி புகட்டினார். இரத்தத்துச் சர்க்கரை சற்றும் குறையவில்லை. அதே சாற்றை ஊசியாக ஏற்றியபோதோ, எலிகளின் வெள்ளணுக்கள் வீழ்ந்து, அவை தொற்று நோயால் மடிந்தன! வெள்ளணுக்களை வீழ்த்தும் நஞ்சு, அவ்வணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் புற்றுநோயையும் அடக்கக் கூடுமன்றோ? இவ்வழியே சென்று அவரும் சார்ள்ஸ் பியரும் 1958இல் வின்பிளாஸ்டீனைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்து அறிஞர் கண்டெடுத்த வின்கிறிஸ்டீனுக்கு 1963இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் இன்றியமையாதது.

அந்த எலிகளே தாயாரின் கேள்விக்கு விடை கூறிவிட்டன. குடிக்கும் கஷாயம் வேறு, நாளத்தில் ஏறும் மருந்து வேறு. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். அவ்விலையிலோ வேறு பல நஞ்சுகளும் கலந்திருக்கின்றன. வளர்ந்தோர்க்கு ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை, கடுகளவே! எந்தச் சட்டியில் அவித்து இந்த அளவைக் கணிப்பது?

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றி நிறப்புரிகளை இரு புறமும் இழுத்து வைக்கின்றன. வின்கிறிஸ்டீன் அவ்விழைகளைக் கட்டவிடாது தடுக்கும். பிரிய இயலாத அணு மடியும். அடிக்கடி பிரியும் புற்றணுக்களுக்கே சேதம் மிகுதி எனினும், மயிர்க்கால்கள் போன்றனவும் தப்புவதில்லை. இடையில் விடும் மூன்று வாரமும் நல்ல அணுக்கள் தேறுவதற்கான அவகாசம். அதனை நாமாக நீட்டினால் புற்றணுக்களும் தேறிவிடும். ஒரு பேரை மிச்சம்பிடிக்க ஊசியைத் தவறவிடலாகாது என்று அவனிடம் அழுத்திச் சொன்னேன்.

தாயாரிடம் சொல்லுமாறு இன்னொன்றும் கூறினேன். நரம்புகளினுள்ளும் அதே வகை இழைகள் உள்ளன. ஆதலால் விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப் போகலாம். கொழுந்தை விரலால் உணர்ந்து கிள்ளுபவருக்கு அது முதலிலேயே தெரிந்துவிடும். குளிரென்றும் களைப்பென்றும் எண்ணி மறைக்காமல் வைத்தியரிடம் கூறவேண்டும். அவர் அளவைக் குறைப்பார். மலச்சிக்கலையும் சொல்ல வெட்கப்படலாகாது. காய்ச்சல் வந்தால் அடுத்த தவணைக்குக் காத்திராது அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உடன் ஏற்றும் பிற மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். ஊசி ஏறும்போது கை எரிந்தால் உடனே தாதியை அழைக்க வேண்டும், ஏனெனில் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசை வெந்துவிடும். முதுகுத்தண்டிற் செலுத்தினாலோ உயிருக்கே முடிவு. ஆகவே நாளத்தில் மட்டுமே இதனை ஏற்றுவர்.

பையன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். இலை முடிச்சை என் மேசையிலேயே விட்டுவிட்டு, அடுத்த ஊசிக்கு அம்மாவோடு தானும் போகவேண்டும் என்று அன்றைக்கு விடுமுறை கேட்டான்.