பச்சையெல்லாம் காடாகுமா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த் நகருக்குக் கிழக்கிலும் தெற்கிலும் டார்லிங் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. ஜாரா, மாரி எனப்படும் யூக்கலிப்டஸ் வகை மரங்கள் நிறைந்த காடு அது. அக்காட்டு மண்ணில், சில மீட்டர் ஆழத்திலேயே, அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட் கிடைக்கின்றது. அல்கோவா நிறுவனம் 1963ஆம் ஆண்டு முதல் அதனைத் தோண்டி எடுத்து வருகின்றது. தோண்டிய இடத்தில் மீண்டும் காட்டை வளர்த்தலும் அந்நிறுவனத்தின் கடமையாகும். அங்ஙனம் வளர்ந்தது காடுதானா என்று எவ்வாறு அறிவது? தொலைவில் நின்று நோக்குவார்க்குப் பச்சையாய்த் தோன்றினால் போதுமா?

போதாது என்பதைத் தொடக்கக் கால அனுபவமே உணர்த்திற்று. ஜாரா மரத்தின் வேரை அழுகச் செய்யும் ஒரு நோய்க்கு அஞ்சி, முதலில் பைன் மரங்களையும், பின்னர் கிழக்கு ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ் மரங்களையும் நட்டனர். அவை செழித்தே வளர்ந்தன. ஆயினும் அங்கு முன்பிருந்த காடு அதுவன்று. 1988 முதல் அவ்விடத்துக்கே உரிய மரங்களின் விதைகளை விதைக்கலாயினர்.

விதை தூவுவதினும் முக்கியமானது மேல்மண். உறங்கும் விதைகளுள் பெரும்பாலானவை மேலுள்ள 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. அம்மண்ணைக் குவித்து வைத்தால் விதைகள் மடியும். எனவே ஓரிடத்தில் வழித்த மேல்மண்ணை உடனே, வேலை முடிந்த மற்றொரு குழியிற் பரப்புகின்றனர். காட்டுத்தீயின் புகை பட்டால்தான் நன்கு முளைக்கும் விதைகளும் அங்குண்டு. புகையிலிருந்து அவற்றை எழுப்பும் வேதிப்பொருளை விஞ்ஞானிகள் 2004இல் இனங்கண்டனர்!

இனிக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். ஒன்பதாம் மாதத்தில் மர நாற்றுகளையும் அவரைக் குடும்பச் செடிகளையும் எண்ணுகின்றனர். குறைவாயின் மீண்டும் விதைக்கின்றனர். பதினைந்தாம் மாதத்தில், பக்கத்துக்கு 20 மீட்டர் கொண்ட சதுரங்களை அளந்து, அவற்றினுள் உள்ள தாவர இனங்களையெல்லாம் குறிக்கின்றனர். விரலளவே உயர்ந்த நாற்றை இன்னதென்று சொல்வது எளிதான வேலையன்று. தோண்டப்படாத காட்டிலும் அவ்வாறே எண்ணி, இரண்டையும் ஒப்பிடுகின்றனர். 2001இல் இனங்களின் சராசரி எண்ணிக்கை இரண்டிலும் சமமாயிற்று.

ஆனால் மாணவர்களே, எண்ணிக்கை மட்டும் நம்மை ஏமாற்றவும் கூடும். ஒரு வகுப்பில் முப்பது பேர் இருக்க வேண்டும். முப்பது பேர் இருக்கின்றனர். அவர்களுட் பலர் அடுத்த வகுப்பினராயின், வருகைப் பதிவேடு சரியென்போமா? மீண்டெழுந்த காட்டிலும் இக்குறை நேர்ந்தது. நம் கருவேலமரத்தின் உறவினங்கள் விதையிலிருந்து விரைந்து முளைத்து நெருங்கி நின்றன. கோரை போன்ற சில தாவரங்களோ மிகக் குறைவாகவே தோன்றின. தீக்குப் பின் மண்ணுக்குள்ளிருந்து மீண்டும் துளிர்ப்பதே அவற்றின் இயல்பு. விதை ஈனுவது அரிது. வேரோடு மண்ணைப் பெயர்த்தபின் துளிர்ப்பதெங்ஙனம்? ஆகவே ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையால் நாற்றாக்கி, அவற்றைக் கையால் நட வேண்டியதாயிற்று. எத்தனை இனங்கள் என்பதோடு நில்லாது, எவ்வினம் எவ்வளவு என்றும் ஒப்பிட வேண்டுமெனத் தாவரவியலார் வற்புறுத்துவது இதனாலேயே.

பதினைந்து மாதக் கணக்கிற்குள் அடங்காதவையும் உள. அக்காட்டின் கருங்காக்கட்டூவா எனும் பெருங்கிளிகள் இளங்காட்டிற்கு இரை தேடி வருகின்றன. ஆனால் கூடு கட்டுவதற்கு அவை முதிர்ந்த மரங்களின் பொந்துகளையே நாடுகின்றன. அத்தகைய பொந்து உண்டாக நூறாண்டுக்கு மேலாகும். முதன்முதல் மீட்கப்பட்ட குழிகளுக்கோ இன்னும் எழுபது வயது கூட நிரம்பவில்லை.